காந்தமும் தூக்க மாத்திரையும்

மனநலச் சிகிச்சைப் பிரிவில் டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல் கருவியை இயக்கும் என்னிடம் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "இது ஷாக் ட்ரீட்மென்டா?" என்பதுதான். மயக்க மருந்தும் கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது, தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் எழும் காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து மூளைப் புறணியில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அவ்வளவுதான் என்று சொன்னால் பெரும்பாலும் சமாதானம் அடைந்துவிடுவார்கள். கூட வந்தவர்கள் கேட்கும் அடுத்த கேள்விக்கு அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடிவதில்லை: "இதை வைத்தால் தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம் போன்ற மாத்திரைகள் மூளையை அடக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுபவை. ஆண்டுக்கணக்கில் அவற்றை விழுங்கும்போது மூளை அந்தக் கூடுதல் அடக்கத்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். காந்தத் தூண்டலிலும் மிக அரிதாக வலிப்பு வரக்கூடும் என்பதால், மாத்திரையை நேற்று நிறுத்திவிட்டு இன்று நாற்காலியில் வந்து அமர்பவரிடம்தான் நாங்கள் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மனச்சோர்வுக்காக வந்துகொண்டிருந்தார். பல ஆண்டுகளாக இரவில் அல்பிரசோலம் எடுப்பவர். ஒரு நாள் வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது, "காந்தம் வைக்கிறீர்களே, இனி அது எதற்கு என்று விட்டுவிட்டேன்" என்று பெருமையோடு சொன்னார். நீட்டிய கை நடுங்கியது. அன்று கருவியை இயக்காமல் மருத்துவரை அழைத்தோம். அவர் மாத்திரையை மீண்டும் தொடங்கி, குறைப்பதற்கென்று தனியாக ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். சில நாள் கழித்து, கட்டைவிரலைத் துடிக்கவைக்கும் காந்தத் துடிப்பின் குறைந்தபட்ச அளவைப் புதிதாகக் கணித்த பிறகே சிகிச்சையைத் தொடர்ந்தோம். மருந்தின் அளவு மாறினால் அந்தக் கணிப்பையும் திரும்பச் செய்வது நல்லது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இம்மாத்திரைகளை எடுத்துக்கொண்டே மனச்சோர்வுக்காக டி.எம்.எஸ். பெறுபவர்களிடம் பலன் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குக் காரணம் மாத்திரையா, அதை எடுக்கவைத்த கடும் பதற்றமா என்பது அவற்றால் தெளிவாகவில்லை. எப்படியிருந்தாலும், பலன் குறைகிறதே என்று மாத்திரையை அவசரமாக நிறுத்தினால் ஆபத்து. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் மனச்சோர்வுக்கும், 2018இல் எண்ணச் சுழற்சி நோய்க்கும் (ஓ.சி.டி.), 2020இல் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் இவ்வகைக் கருவிகளை அனுமதித்தது. புகைப்பழக்கத்துக்கு அனுமதி உண்டே, மாத்திரைப் பழக்கத்துக்கு ஏன் கூடாது என்று பலர் வாதிடுவார்கள். ஆனால் நிகோடினை ஒரே நாளில் விட்டவருக்கு எரிச்சலும் ஏக்கமும் வருமே தவிர வலிப்பு வருவதில்லை. தூக்க மாத்திரைச் சார்புக்குக் காந்தத்தை நிலைபெற்ற சிகிச்சையாக இன்று யாராவது விளம்பரப்படுத்தினால் நான் நம்பமாட்டேன்.

நிலைபெற்ற வழி மெதுவாகக் குறைப்பதுதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவர் 1982 முதல் 1994 வரை நடத்திய சிறப்புப் பிரிவு இதில் முன்னோடி. அதே வகையில் உடலில் நெடுநேரம் தங்கும் மாத்திரையான டயஸிபாமுக்குப் படிப்படியாக மாற்றி, நோயாளியின் தாங்கும் திறனுக்கேற்ப அவர் குறைத்துவந்தார். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாத்திரையின் அளவில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைப்பது என்பது இன்றைய அறிவுரை. அந்தக் கணக்கில் பல மாதங்கள் ஆகும். எங்கள் சிகிச்சையோ வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரத்தில் முடிந்துவிடும்.

ஆனாலும் இந்த நாற்காலியால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். மனச்சோர்வு தணிந்தவருக்கு இரவைக் குறித்த அச்சமும் குறைகிறது. மாத்திரையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்லும்போது மறுக்காமல் கேட்கிறார். அதில் காந்தத்தின் பங்கு எவ்வளவு, நாள்தோறும் காலையில் எழுந்து குளித்துக் கிளம்பி வந்து ஒருவரிடம் முந்தைய இரவின் உறக்கத்தைப் பற்றிப் பேசியதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரையை முழுதாக விடும்வரை அமர்வுகளை நீட்டித் தரும்படி குடும்பத்தினர் கேட்கும்போது, அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம், குறைப்பு அட்டவணையோடு மருத்துவரை மாதந்தோறும் பாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.