அம்மாவின் உள்ளங்கைகள்

சினைப்பைப் புற்றுநோய் அம்மாவுக்குத் திரும்பி வந்தபோது, பினாங்கில் எங்கள் மருத்துவர் ஒரு மருந்தின் பெயரை எழுதிக் காட்டினார்: லைபோசோமல் டாக்ஸோரூபிசின். பழைய கீமோ மருந்துதான்; ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1995-லேயே ஒப்புதல் பெற்றது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

"கட்டியில் வளரும் இரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளி அதிகம்மா. குமிழிகள் அந்த வழியே கசிந்து அங்கேயே தங்கும்," என்றார். மற்ற உறுப்புகளை மருந்து தீண்டாது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அது தவறு.

இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே முதல் சுற்று தொடங்கியது. சிவப்பு மருந்து நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் இறங்கியது. சிறிது நேரத்திலேயே அம்மாவின் முகம் சிவந்தது. முதுகு வலிக்கிறது என்றார். தாதி உடனே நிறுத்தி, வலி அடங்கியதும் இன்னும் மெதுவாகத் தொடங்கினார். முதல் முறை சிலருக்கு இப்படி வருமாம்.

உண்மையான சோதனை இரண்டாம் சுற்றுக்குப் பின்னரே வந்தது. உள்ளங்கைகளும் பாதங்களும் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தன. குமிழிகள் பல நாள் இரத்தத்தில் சுற்றுகின்றன. சூடும் உராய்வும் படும் கை கால்களின் நுண்குழாய்களிலும் கசிகின்றன. வெந்நீரும் இறுக்கமான காலணியும் கூடாது என்று தந்த தாளை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. அம்மா வெந்நீரில் பாத்திரம் துலக்கினார், சௌராஸ்தா சந்தைக்கு நடந்தார். நான் தடுத்திருக்க வேண்டும்.

மூன்றாம் சுற்று இரண்டு வாரம் தள்ளிப்போனது, அளவும் குறைந்தது. அதன்பின் மருந்து ஏறும்போதே கைகளிலும் கால்களிலும் குளிர்பொதி வைத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் வாரம் அடுக்களை என் பொறுப்பு. களிம்பைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தடவினேன். அந்தத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடத்தை நான் சுமந்தேன். அம்மா அடிவாரத்தில் தளர்வான துணிச்செருப்புடன், மலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

ஆறாம் சுற்றுக்குப் பிறகு எடுத்த சிடி ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கேட்டுவிட்டார்: "இனி வெந்நீரில் குளிக்கலாமா, டாக்டர்?"