மேக் டிராப் அதிகமா? மேக்னெட்டோவில் கை வைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்

சின்ன விமானத்தின் பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்குத் தீப்பொறி தர இரண்டு மேக்னெட்டோ. பறக்கும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில் (ரன்-அப்) ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டினால் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) இறங்கும், அதுதான் மேக் டிராப். அது கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலே "மேக்னெட்டோ போச்சு" என்று ஸ்பேனரைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பல சமயம் அழுக்கேறிய ஒரு பிளக்தான் காரணம்.

செஸ்னா 172எம்மையே எடுத்துக்கொள்வோம், லைகமிங் ஓ-320 எஞ்சின். 1700 ஆர்பிஎம்மில் வைத்து ஒரு மேக்னெட்டோவுக்கு மாற்றினால் 125க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே 50க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கிறார்கள், எப்படி இறங்குகிறது என்பதைத்தான் கவனிப்பதில்லை. சட்டென்று விழுந்து எஞ்சின் உதறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் இல்லை, அதாவது பிளக் அல்லது மேக்னெட்டோவிலிருந்து அதற்கு வரும் ஹார்னஸ் வயர். உதறாமல் நிதானமாக அளவு தாண்டி இறங்கினால் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) தள்ளிப் போயிருக்கலாம், இல்லையென்றால் மிக்சர் ரொம்ப ரிச், அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் அதிகம்.

100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் இருக்கும் ஈயம் பெரும்பாலும் கீழ்ப் பிளக்குகளில்தான் படியும், அதிலும் ஃபுல் ரிச்சில் நெடுநேரம் டாக்ஸி ஓட்டினால் கேட்கவே வேண்டாம். 1800–2000 ஆர்பிஎம்மில் மிக்சரை நன்றாக லீன் செய்து (பெட்ரோலைக் குறைத்து) ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லையா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இஜிடி (வெளியேறும் புகையின் வெப்பநிலை) மீட்டர் இருந்தால் வேலை சுலபம்: ஒற்றை மேக்னெட்டோவில் எல்லாச் சிலிண்டரிலும் இஜிடி ஏற வேண்டும், எது இறங்குகிறதோ அங்கேதான் கோளாறு. அந்தப் பிளக்கை அதே மேக்னெட்டோவில் ஓடும் இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக், போகாமல் அங்கேயே நின்றால் வயர்.

குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, சூடேறியதும் மிஸ் ஆகி, ஆறியதும் ஒன்றுமே தெரியாதது போல் ஓடினால் மேக்னெட்டோவுக்குள் இருக்கும் காயில் அல்லது கண்டென்சர் மேல் சந்தேகப்படுங்கள். இப்போது மேக்னெட்டோவைக் கழற்றலாம். இதைப் பிடிக்க நல்ல வழி, இறங்கியதும் எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே, சூட்டோடு சூடாக, இன்னொரு முறை மேக் செக் செய்வதுதான்.

டிராப்பே இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு! இரண்டு பிளக்குக்குப் பதில் ஒன்று மட்டும் எரித்தால் எரியும் வேகம் குறையும், ஆர்பிஎம் கொஞ்சமாவது இறங்கியே ஆக வேண்டும். இறங்கவில்லை என்றால் மேக்னெட்டோவை அணைக்கும் வயரான பி-லீட் அறுந்திருக்கலாம், அப்படியானால் சாவியை ஆஃப் செய்தாலும் அந்த மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும், அந்த நேரத்தில் யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். ஐடிலில் ஒரு கணம் சாவியை ஆஃபுக்குக் கொண்டுபோய் உடனே போத்துக்கு (இரண்டு மேக்னெட்டோவும் ஓடும் நிலை) திருப்புங்கள், அந்த இடைவெளியில் எஞ்சின் அணையப் பார்க்க வேண்டும். அதிக ஆர்பிஎம்மில் இதைச் செய்யாதீர்கள், சைலன்சரில் வெடிக்கும்.

அப்புறம், திரும்ப மாட்டும்போது டைமிங். இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன்னால்தான், இருந்தாலும் டேட்டா பிளேட்டைப் பார்த்துவிட்டே வையுங்கள்.