நாணயக் கண்காட்சிக்குப் போகும் பை: எது தங்கியது, எது வெளியேறியது

முதல் கண்காட்சிக்குக் கட்டிய பையில் விட்டம் அளக்கும் உலோக வெர்னியர், 20 மடங்கு லென்ஸ், காந்தம், தராசு, செங்கல் கனத்தில் ஒரு விலைப்பட்டியல் நூல் எல்லாம் இருந்தன. விளக்கு மட்டும் இல்லை. இன்று அதே பையில் முதலில் வைக்கும் பொருள் விளக்குதான். மற்றவற்றில் பாதி வெளியே போய்விட்டது.

காரணம் எளிது. அரங்கின் கூரையில் வரிசையாக எரியும் குழல் விளக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒளியைக் கொட்டுகின்றன. நிழல் விழாத இடத்தில் மயிரிழைக் கீறல் தெரியாது. எப்போதோ துணியால் தேய்த்துத் துடைத்த வெள்ளி நாணயம் அங்கே புத்தம்புதிதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து ஒற்றை பல்பின் கீழ் பிடித்தால், ஒரே திசையில் ஓடும் நூறு கோடுகள் எழுந்து நிற்கும்.

ஒற்றைப் புள்ளியிலிருந்து ஒளி வரும் சார்ஜ் விளக்கு போதும். மஞ்சள் சாயல் கொண்ட 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான எல்இடி நன்றாக வேலை செய்கிறது. மேலே பரவல் மூடி இருந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கூரை விளக்கின் கதையேதான். நாணயத்தை விளிம்பில் பிடித்து, ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, மெதுவாகச் சுற்ற வேண்டும். அச்சடித்தபோது உலோகம் பாய்ந்த தடம் அழியாமல் இருந்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கற்றை மையத்தைச் சுற்றி நகரும். அமிலத்தில் பலமுறை முக்கியெடுத்த நாணயத்தில் அந்தச் சுழற்சி செத்துப்போய், சாம்பல் வெண்மைதான் மிஞ்சும். கம்பித் தூரிகையை மோட்டாரில் பொருத்தித் தேய்த்தது இன்னும் ஏமாற்றும்: பளபளப்பு இருக்கும், ஆனால் சுற்றும்போது கற்றை நகராது, எழுத்துகளின் ஓரத்தில் உலோகம் மெல்லிய கரையாக ஒதுங்கியிருக்கும். அந்தக் கரையை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு தப்பவிட முடியாது.

லென்ஸ் விஷயத்தில் 20 மடங்கு வீண். பார்வைப் பரப்பு மிகச் சிறியது, கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும். தரம் பார்க்க 5 முதல் 7 மடங்கு, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு குறியைச் சோதிக்க 10 மடங்கு போதும். 10 மடங்கு லென்ஸுக்கும் நாணயத்துக்கும் இடையே சுமார் 2.5 செ.மீ.தான் இருக்க வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து நாணயத்தை மேலே கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸை நாணயத்தின் மேல் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். குறி பிற்பாடு ஒட்டப்பட்டதா என்பதை அதன் அடிவாரம் சொல்லும்: அசலில் குறி தளத்திலிருந்து இயல்பாக எழும், ஒட்டியதில் சுற்றிலும் மெல்லிய பிளவோ, நிற மாற்றமோ இருக்கும்.

தராசு பையில் தங்கிவிட்டது, ஆனால் அதன் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, ஏசி காற்று நேராக விழும் மேசையில் கடைசி இலக்கத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். மூடியுள்ள தராசாக வாங்கி, சோதனை எடைக்கல்லை அங்கேயே ஒருமுறை வைத்துச் சரிபார்த்தால் பிரச்சினை தீரும். நினைவில் வைக்க வேண்டிய எண்கள் சில: பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அமெரிக்க வெள்ளி நாணயமான மோர்கன் டாலர் 26.73 கிராம், பிரிட்டிஷ் தங்க நாணயமான சவரன் 7.988 கிராம், விட்டம் 22.05 மி.மீ. தேய்ந்த நாணயம் சற்றுக் குறைவது இயல்பு. கூடுதலாக இருந்தால் சந்தேகம். எடை பொருந்தாவிட்டால் விலகிவிடலாம். பொருந்தினாலும் எதுவும் நிரூபணமாகாது, நல்ல போலிகள் எடையில் சரியாகவே இருக்கின்றன. வார்ப்புப் போலியை விளிம்பு காட்டிக்கொடுக்கும்: சுற்றிலும் ஓடும் மூட்டுக்கோடு, தளத்தில் கொப்புளம் போன்ற சிறு மேடுகள், மழுங்கிய எழுத்து.

காந்தமும் அப்படித்தான். வெள்ளி ஒட்டாது என்பது எல்லாருக்கும் தெரியும். சாய்த்துப் பிடித்த வெள்ளியின் மேல் சிறிய நியோடிமியம் காந்தம் மெதுவாக வழுக்கும் என்பதும் உண்மை. ஆனால் செம்பின் மேலும் அதே மாதிரிதான் வழுக்கும், ஏனென்றால் இரண்டுமே மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. செம்பு-நிக்கல் கலவையில் விரைவாக இறங்கிவிடும். நாணயம் உறைக்குள் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும், உரசினால் கோடு விழும். உலோக வெர்னியர் வெளியேறியதும் இதே காரணத்தால்தான். பிளாஸ்டிக் வெர்னியருக்கு எந்த டீலரும் முகம் சுளிப்பதில்லை.

விலைப்பட்டியல் நூலுக்குப் பதில் ஒரு தாள்: எந்த ஆண்டு, எந்தக் குறி, எந்தத் தரம் வரை ஏற்கலாம், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம். அந்தத் தாளில் ஆண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் தேவை என்பதை ஆஸ்திரிய அரசியின் உருவம் பொறித்த வெள்ளி நாணயமான மரியா தெரசா தாலர் கற்பிக்கிறது. அந்த அரசி 1780-ல் இறந்தபின்பும், அதே 1780 என்ற ஆண்டோடு வியன்னா, ரோம், லண்டன், பம்பாய் நாணயச்சாலைகள் அதை அடித்துத் தள்ளின. ஆண்டைப் பார்த்துக் காசை நீட்டுபவர் மறு அச்சை வாங்கிக்கொண்டு போவார். அரசியின் உருவத்தில் உள்ள புரூச்சின் முத்துகள், மறுபக்கத்துக் கழுகின் வால் இறகுகள் போன்ற நுணுக்கங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால்தான் மேசையில் வேறுபடுத்த முடியும்.

தரம் பார்க்கும் நிறுவனம் கெட்டி பிளாஸ்டிக் உறையிலிட்டு, தரமும் ஒரு எண்ணும் எழுதிய ஸ்லாப் என்றால் வேலை குறைவு என்று தோன்றும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது அவசியம், ஆனால் அது பாதி வேலைதான்: போலி ஸ்லாப்களில் அசல் எண்ணையே அச்சிடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் ஒவ்வொரு கீறலையும் கறையையும் ஒப்பிட வேண்டும்.

அரங்கைச் சுற்றும் விதத்தில் பலன் தந்தது: முதல் சுற்றில் எதையும் வாங்காமல் மேசைக்கு இரண்டு நிமிடம். 60 மேசை என்றால் 2 மணி நேரம். தாளில் உள்ளதை எங்கே பார்த்தோம் என்று மேசை எண்ணோடு குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் உட்கார வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. தேடுவது அரியது, விலையும் தாளுக்குள் அடங்குகிறது என்றால் அப்போதே எடுத்துவிட வேண்டும். திரும்பி வரும்போது இருக்காது. கனமான தட்டுகள், மொத்தக் கட்டுகளுக்குப் பேரம் கடைசி நாளில்தான் படியும், டீலருக்கும் அதைச் சுமந்து திரும்ப விருப்பமில்லை. ஆனால் அன்று மதியத்துக்குள் பலர் கட்டிக் கிளம்பிவிடுவார்கள்.

மேசை ஒழுக்கம் சில வரிகளில்: ஒரு நேரத்தில் ஒரு தட்டு. மெத்தை விரிப்பின் மேலேயே பிடிக்க வேண்டும். நாணயத்தின் மேல் குனிந்து பேசக் கூடாது, எச்சில் துளி பிறகு கரும்புள்ளியாகும். பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ள நாணயத்துக்கு விலை கேட்கக் கூடாது. சொந்த நாணயம் பையில் இருந்தால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். நாம் சொன்ன விலைக்கு டீலர் சரி என்றுவிட்டால் வாங்கியாக வேண்டும்.

ரசீதில் ஆண்டு, குறி, சொன்ன தரம், போலி என்றால் திருப்பி எடுப்பார் என்ற வரி ஆகிய நான்கும் இருக்கட்டும். அன்றிரவே வேறொரு விளக்கில் மறுபடி பார்க்க வேண்டும். மென்மையான, மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் உறையில் வந்தவற்றை உடனே மாற்ற வேண்டும்: அது பிவிசி, நாளடைவில் பச்சைப் பிசின் கசியும். பிசின் ஏற்கெனவே படிந்திருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலரவிட வேண்டும். நெருப்பு அருகில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். புதிய அட்டை உறையில் ஸ்டேப்ளர் பின் அடித்தால் குறட்டால் தட்டையாக்கிவிடுங்கள். தட்டையாக்காத பின், பெட்டியில் அடுத்து நிற்கும் உறையைத் துளைத்து நாணயத்தைக் கீறும்.