117 கிராம் உப்பு

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் முதலாம் வருடத்தில் பொது இரசாயனவியல் படித்தபோது, உயர்தரத்தில் தமிழில் கற்றவற்றையே ஆங்கிலத்தில் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. நியமிப்பு டைட்ரேஷன் ஆகியது. பீசமானம் ஸ்டொய்கியோமெட்ரி ஆகியது. அந்தச் சொற்கள் சில கிழமைகளில் பழகிவிட்டன. எனக்கு உண்மையில் தடையாக இருந்தது, பொருளின் அளவைச் சொல்லும் அலகான மூல். திணிவை மூலர்த் திணிவால், அதாவது ஒரு மூலின் திணிவால், வகுத்தால் மூல் வரும் என்று எத்தனையோ கணக்குகளில் எழுதியிருந்தும், அது எதை எண்ணுகிறது என்று நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

முதலாவது செய்முறை வகுப்பில் 5.85 கிராம் கறியுப்பை நிறுத்தோம். கடிகாரக் கண்ணாடியில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. அது 0.1 மூல், அதில் சோடியம் அயன்கள் மட்டும் 6.02 × 10²².

அம்மப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உப்பிலிருந்து எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) குளோரீனும் செய்த அந்தத் தொழிற்சாலை போரினால் நின்றுபோனது. அங்கே உப்பை என்ன செய்தார்கள் என்று அந்த வார இறுதியில் அவரிடம் கேட்டேன். "உப்புத் தண்ணிக்குள்ள கறண்டை விட்டா ஒரு பக்கம் சோடா, மற்றப் பக்கம் வாயு, பிள்ளை. அந்த மணம் உடுப்போட வீட்டுக்கும் வரும்" என்றார்.

பழைய ரோச் பற்றரிகளிலிருந்து எடுத்த இரண்டு காபன் கோல்களை உப்புக் கரைசலில் அமிழ்த்தி, காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினோத்தலீன் இரண்டு துளி விட்டு, வாசலில் வைத்துச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். மறை முனையான கதோட்டைச் சுற்றி இளஞ்சிவப்பு மெல்லப் பரவியது. அங்கே சோடியம் படிவதில்லை. சோடியம் அயனைவிட நீர் இலகுவாக இலத்திரன்களைப் பெற்றுத் தாழ்த்தப்படுவதால் ஐதரசன் வெளியேறி, ஐதரொட்சைட்டு அயன் கரைசலில் தங்குகிறது. நேர் முனையான அனோட்டுப் பக்கம் குளோரீன் போட்ட கிணற்றின் மணம் வந்ததும் நிறுத்திவிட்டோம். இரண்டு பக்கத்து விளைவுகளையும் கலக்கவிட்டால் அவை தாக்கமுற்று வெளிற்றும் கரைசலாகிவிடும் என்பதால், தொழிற்சாலையில் அவற்றைப் பிரித்து வைப்பதே பெரிய வேலை.

பிறகு கொப்பியில் கணக்கை எழுதினேன். 2 மூல் உப்பு 117 கிராம், 2 மூல் நீர் 36 கிராம். விளைவாக எரிசோடா 80 கிராம், குளோரீன் 71 கிராம், ஐதரசன் 2 கிராம். இரு பக்கமும் 153. மனப்பாடமாக இருந்த திணிவுக் காப்பு விதியை, எனக்குத் தெரிந்த ஓர் இடத்தின் உப்பில் அன்றுதான் கண்டேன்.

அம்மப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "ஐதரசன் ரெண்டு கிராம் தானோ?" என்று கேட்டார். அந்த 2 கிராமும் 71 கிராம் குளோரீனும் தனித்தனியே ஒரு மூல் என்பதையும், ஆகவே அறை வெப்பநிலையில் இரண்டும் ஏறத்தாழ 24 லீற்றர் வீதம் ஒரே அளவு இடத்தையே நிரப்பும் என்பதையும் அவருக்குச் சொல்லத் தொடங்கியபோது, மூல் எண்ணுவது திணிவை அல்ல, துணிக்கைகளை என்பது எனக்கே விளங்கிவிட்டது.