ஜூலிக்குத் தனிச் சமையல்

எங்கள் நாய் ஜூலிக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: "ஓயாமல் மூத்திரம் போகிறதே, தண்ணீரைக் குறைத்து வையுங்கள்." தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். கெட்டுப்போன சிறுநீரகத்தால் நீரைத் தேக்க முடியாது. வெளியேறுவதை ஈடுகட்டத்தான் அவள் அவ்வளவு குடிக்கிறாள்.

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் திறனில் முக்கால் பங்கு போயிருக்குமாம். சரி, மிச்சத்தையாவது காப்பாற்றுவோம். பாஸ்பரஸ் குறைய வேண்டும் என்பதால் எலும்பு, ஈரல், கருவாடு எல்லாம் நிறுத்தம். டாக்டர் சொன்ன அளவில் சோறு, முட்டை வெள்ளைக்கரு, உப்பில்லாத கோழி கொஞ்சம். கருவாடு வறுக்கிற அன்று அடுப்படி வாசலை விட்டு நகர மாட்டாள். அவளைவிட அம்மாவைத்தான் அதிகம் கண்காணிக்க வேண்டியிருக்கிறது!

தோள்பட்டைக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகி, நீர்ச்சத்துக்காக ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புக் கரைசலை ஏற்றுகிறோம். ஏற்றியதும் அந்த இடம் தண்ணீர்ப்பை மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கும். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலை முதலில் வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிக்கொண்டால் அவ்வளவாக உதறுவதில்லை.

அப்புறம், நாம் போடுகிற வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.