வாழை இலைகளுக்கு நடுவே ஒரு வேண்டுதல்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு ஜோடி ஜாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். டேவிட் ஜாடிகள் என்பார்கள். சீனாவில் ஜிங்டெஜென் சூளையில் சுட்டவை. வெள்ளைப் பீங்கானில் தீட்டிய நீலம், பாரசீகத்து கோபால்ட் என்ற தாது. வயிற்றைச் சுற்றி மேகங்களுக்கிடையே மழைக்கு அதிபதியான டிராகன், மேலே ஃபீனிக்ஸ், கைப்பிடிகளில் யானைத் தலை.

கழுத்தில் வரைந்த வாழை இலைகளுக்கு நடுவே பொடி எழுத்து. 1351-இல் ஜாங் வென்ஜின் என்ற பக்தர், குடும்பம் நல்லா இருக்கணும், பிள்ளைகள் நிம்மதியா இருக்கணும்னு வேண்டிக்கொண்டு, இந்த இரண்டையும் ஒரு தூபக்கலசத்தையும் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். இந்தத் தேதியை வைத்துத்தான் சீனாவை மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சக் காலத்து மற்ற நீல-வெள்ளை ஜாடிகளின் வயதையே கணிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வேண்டுதல்தான் பெரிசாகத் தெரிந்தது.

தூபக்கலசம் இன்றுவரை கிடைக்கவில்லை.