கிணற்று மேட்டில் ஒரு காலை

ஆடிக் காற்றுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம், அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோட்டத்துக் கிணற்றுக்குள் சாய்ந்த தென்னையோலை ஆடிக்கொண்டே இருக்கிறது. அதில் தூக்கணாங்குருவிக் கூடுகள். தலை மஞ்சளான ஆண்குருவி ஓலையை நாராகக் கிழித்து வந்து பின்னுகிறது. கூடு கவிழ்த்த ஹெல்மெட் மாதிரி பாதியில் இருக்கும்போதே பெட்டையைக் கூப்பிடும். அது உள்ளே போய்ப் பார்த்துச் சம்மதித்தால்தான் முட்டை அறையும் நீளமான வாசல் குழாயும்.

"புடிக்கலீனா என்னங்க அப்புச்சி?"

"வேற கூடு கட்டும் கண்ணு."

பெட்டை சம்மதித்தாலும் வேலை முடிந்ததும் ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெட்டையைக் கூப்பிடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

எனக்குக் குறுந்தொகை 85 ஞாபகம் வந்தது. அதில் வருவது ஊர்க்குருவி. சூல் முதிர்ந்த பேடைக்குக் கூட்டில் மெத்தை போட, துள்ளி நடக்கும் சேவல் கரும்புப் பூவைக் கோதுகிறது. 'நாறா வெண்பூ' என்கிறார் புலவர். கரும்பங்காட்டில் நின்று முகர்ந்து பார்த்தவரால்தான் 'நாறா' என்று எழுத முடியும். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். அந்தச் சேவலின் ஊர்க்காரனான தலைவனோ, அவனுக்காகத் தூது வந்த பாணன் பேச்சில் மட்டும்தான் பேரன்பு உள்ளவன்.

இப்போது வாய்க்கால் ஓரத்துக் கரும்பு இன்னும் பூக்கவில்லை. பூக்கட்டும், முகர்ந்து பார்க்கிறேன்.